தொட்டியில் என்ன விழுகிறது?

கறிக்கடையில் என் அம்மா முதலில் பார்ப்பது கொழுப்பைத்தான். விரல் நுனியால் ஓர் அழுத்து. வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் தலையாட்டுவார். எண்ணெய் போல வழவழவென்று விரலோடு ஒட்டினால் ஒரு வார்த்தை பேசாமல் அடுத்த கடைக்கு நடந்துவிடுவார். ஈப்போ மார்க்கெட்டில் இந்தக் காட்சியைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். ஏன் என்று கேட்டதில்லை. அம்மாவும் சொன்னதில்லை.

சில வாரங்களுக்கு முன் சித்தப்பாவும் எங்களோடு வந்திருந்தார். அம்மா வேண்டாம் என்று ஒதுக்கிய துண்டை அவரும் தொட்டுப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "கடைக்காரன் மேல தப்பு இல்ல பாப்பா. கடைசி ரெண்டு மாசம் இது என்ன தின்னுச்சோ, அதுதான் இங்க தெரியுது" என்றார்.

சித்தப்பா பேசினால் நம்பலாம். ஈப்போவைச் சுற்றியுள்ள பன்றிப் பண்ணைகளில் கால் நூற்றாண்டுக்கு மேல் தீனி கலந்தவர் அவர். எங்கள் குடும்பத்தில் அதைப் பற்றி யாரும் வெளியில் பேச மாட்டோம். கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போகும் வீடுகளில், "தம்பி என்ன வேலை செய்யறாரு?" என்று கேட்டால், அப்பா "பார்ம்ல சூப்பர்வைசர்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். என்ன பார்ம் என்று கேட்பவர்களுக்கு, "கோழி, கீழி எல்லாம்" என்று ஒரு பதில் தயாராக இருக்கும்.

இப்போது அந்தப் பேச்சைத் தவிர்க்க முடியாத நிலை. சித்தப்பாவின் மகன், என் தம்பி, கால்நடை வளர்ப்பில் டிப்ளோமா முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தான். ஒரு நவீனப் பன்றிப் பண்ணையில் தீனிப் பிரிவுக்குக் கடிதம் வந்திருக்கிறது. நல்ல சம்பளம், தங்குமிடம், மேற்படிப்புக்கு உதவி. சித்தி ஒரே வார்த்தையில் "வேணாம்" என்றுவிட்டார். "நீ ரேடியோவுல ஊருக்கே பேசறவ. அவனுக்கு எடுத்துச் சொல்லு" என்று பொறுப்பு என் தலையில் விழுந்தது.

எடுத்துச் சொல்வதற்கு முன் நான் தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா? அதனால் புந்தோங்கில் உள்ள சித்தப்பா வீட்டு ஐந்தடியில், ஒரு பொட்டலம் கச்சாங் பூத்தேயை நடுவில் வைத்துக்கொண்டு, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்தேன். இந்த இறைச்சியைத் தொடாத குடும்பங்களும், சைவமே உண்ணும் குடும்பங்களும் நம் வாசகர்களில் உண்டு. அவர்களும் இதைப் படிக்கலாம். இது சாப்பாட்டைப் பற்றிய கதை மட்டுமில்லை. நம்மவர்கள் செய்த, இன்னும் செய்கிற ஒரு வேலையைப் பற்றிய கதையும்கூட.

தாத்தாவின் பன்றி

எங்கள் தாத்தா பால்மரம் வெட்டியவர். லயத்துக்குப் பின்னால், சாக்கடைக்கு அந்தப் பக்கம், பலகையும் தகரமும் வைத்து அடித்த ஒரு சின்னக் கொட்டகை. அதில் எப்போதும் இரண்டு பன்றிகள் இருக்குமாம். லயத்து வீடுகளின் கழனித்தண்ணீர், மிச்சச் சோறு, வாழைத்தண்டு, சர்க்கரைவள்ளிக் கொடி, அவித்த மரவள்ளிக்கிழங்கு. இவைதான் தீனி. மரவள்ளியைப் பச்சையாகப் போட மாட்டார்கள். அதில் நஞ்சு உண்டு, அவித்தால்தான் குறையும். அதைப் பள்ளிக்கூடம் போகாத பாட்டிகூட அறிந்திருந்தார்.

அந்தப் பன்றி வளர்ந்து ஆளாக ஏறக்குறைய ஒரு வருடம் பிடிக்கும். தீபாவளிக்கு ஒன்று. இன்னொன்று கம்பத்துச் சீனத் தவுக்கேவுக்கு. அந்தக் காசில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் சட்டை. சில குடும்பங்களில் காவல் தெய்வத்துக்குப் படையலும் உண்டு. கள்ளுக்கடைப் பக்கம் மிளகு தூக்கலாகப் போட்டு வறுத்த வறுவலின் மணத்தை எழுத ஆரம்பித்தால் பக்கம் போதாது.

"அந்தக் காலத்துல பன்றின்னா முதுகுல நாலு விரல் கொழுப்பு இருக்கணும். இருந்தாத்தான் விலை" என்றார் சித்தப்பா. காரணம் இருக்கிறது. அன்று சீனர் சமையலறைகளில் பன்றி நெய்தான் எண்ணெய். கொழுப்புக்குத் தனி மதிப்பு இருந்தது. 1960-களுக்குப் பிறகு ரப்பர் காடுகள் மெல்ல மெல்லச் செம்பனையாக மாறின. செம்பனை எண்ணெய் மலிவாகக் கடைக்கு வந்தது. பன்றி நெய்யின் தேவை சுருங்கியது. இருதய நோய் பற்றிய பேச்சு வந்த பிறகு, வீட்டுக்காரர்கள் கொழுப்பை வெட்டி எறிந்துவிட்டுச் சதையை மட்டும் கேட்கத் தொடங்கினார்கள். நம் தோட்டத்தை மாற்றிய அதே மரம், பன்றியின் முதுகையும் மாற்றிவிட்டது.

உலகத்தில் இந்த மாற்றத்தை முதலில் தொழிலாகச் செய்தவர்கள் டென்மார்க்காரர்கள். இங்கிலாந்துக்காரர்களின் காலைச் சாப்பாட்டுக்குப் பேக்கன் அனுப்பிப் பிழைத்த நாடு அது. எந்தக் கிடாவின் குட்டிகள் குறைந்த தீனியில் நல்ல சதை போடுகின்றன என்று அளந்து பார்க்க, 1907-லேயே அங்கே சோதனை நிலையங்கள் தொடங்கிவிட்டன. அந்தத் தேர்வில் மெருகேறியதுதான் டேனிஷ் லேண்ட்ரேஸ் இனம். இன்று பல நாட்டுப் பண்ணைகளில் நடப்பது மூவினக் கலப்பு: லேண்ட்ரேஸும் லார்ஜ் ஒயிட்டும் கலந்த தாய், டியூராக் கிடா. மலேசியாவிலும் இதுவே வழக்கம்.

மாலையும் நாரும்

இனி கணக்குக்கு வருவோம். பன்றிப் பண்ணையின் செலவில் 60 முதல் 70 விழுக்காடு தீனிக்கே போகிறது. மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும்தான் அடிப்படை. இரண்டையும் நாம் பெரும்பாலும் கப்பலில் வரவழைக்கிறோம். 2022-இல் உக்ரைன் போர் மூண்டு உலகத் தானிய விலை ஏறியபோது, ஈப்போவில் ஒரு கிலோ இறைச்சி வாங்கியவருக்கும் அது சுட்டது.

தாய்ப்பால் மறந்த குட்டி ஆறேழு கிலோ இருக்கும். ஐந்தரை, ஆறு மாதத்தில் அது 100 கிலோவைத் தாண்ட வேண்டும். ஏறக்குறைய 60 கிலோவிலிருந்து விற்பனை எடை வரையிலான கட்டத்தைப் பண்ணையில் 'பினிஷர்' என்கிறார்கள். நாளுக்கு இரண்டரை, மூன்று கிலோ தீனி இறங்கும் காலம். மொத்தத் தீனியில் பெரும்பங்கைத் தின்பதும் இந்தக் கட்டம்தான். லாபமும் நட்டமும் இங்கேதான் முடிவாகும்.

"பசிக்கு எவ்வளவு வேணும்னாலும் போடலாமே?" என்று கேட்டேன்.

சித்தப்பா சிரித்தார். "போடலாம். அது சதையாகுமா, கொழுப்பாகுமான்னுதான் கேள்வி."

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன். சதை என்பது ஒரு மாலை. பூக்கள் கூடை கூடையாகக் கொட்டிக் கிடக்கலாம். நார் தீர்ந்துவிட்டால் மாலை அந்த இடத்தோடு நின்றுவிடும். மிச்சப் பூ வீண். பன்றிக்கு அந்த நார் லைசின் என்ற அமினோ அமிலம். புரதம் பல அமினோ அமிலங்களால் கட்டப்படுவது. சோளத்தையும் சோயாவையும் அடிப்படையாகக் கொண்ட தீனியில் முதலில் பற்றாக்குறையாவது லைசின். அது தீர்ந்தால் சதை கட்டுவது நின்றுவிடும். மிஞ்சிய சத்து முதுகில் கொழுப்பாகச் சேரும்.

தாத்தாவின் பன்றி ஏன் கொழுத்தது என்பது இப்போது விளங்குகிறது. மரவள்ளியில் மாவுச்சத்து நிறைய. புரதம் மிகக் குறைவு. பூ மலை போல, நார் ஒரு முழம்.

அதற்காகப் புரதத்தை அள்ளிக் கொட்டினாலும் ஆகாது. வேண்டாத புரதத்தை உடல் சிதைத்துச் சிறுநீரில் வெளியேற்றும். காசு போகும், நாற்றம் கூடும், வாய்க்கால் கெடும். அதனால்தான் வயதுக்கு ஏற்ற தீனி. வளரும் குட்டிக்குப் புரதம் 18 விழுக்காடு வரை. முடிப்புக் காலத்தில் 13, 14 வரை இறக்கிவிடலாம். குறையும் லைசினைத் தூளாகச் சேர்ப்பார்கள். அந்தத் தூள் நுண்ணுயிர்களை வைத்துப் புளிக்கச் செய்து எடுப்பது. 1950-களில் ஜப்பானியர்கள் கண்டுபிடித்த வழி.

சதைக்கும் கொழுப்புக்கும் இன்னொரு வேறுபாடு உண்டு. சதையில் முக்கால் பங்கு தண்ணீர். கொழுப்பில் தண்ணீர் மிகக் குறைவு. ஆகவே ஒரு கிலோ சதை ஏற்றுவதைவிட ஒரு கிலோ கொழுப்பு ஏற்றுவதற்கு அதிகத் தீனி செலவாகும். கொழுத்த பன்றி தவுக்கேவுக்கு இரட்டை நட்டம்: தீனியும் கூடப் போகும், விலையும் குறையும்.

"ஆம்பளைக்கு ஒரு தொட்டி, பொம்பளைக்கு ஒரு தொட்டி" என்றார் சித்தப்பா. காயடித்த ஆண் அதிகம் தின்னும், சீக்கிரம் கொழுக்கும். பெட்டை குறைவாகத் தின்று சதை போடும். இரண்டையும் ஒரே கொட்டடியில் அடைத்து ஒரே தீனி போட்டால் ஒன்று கொழுக்கும், ஒன்று குறைபடும். பிரித்து வளர்த்தால் காயடித்தவற்றுக்குக் கடைசி வாரங்களில் அளவைக் கட்டலாம். பெட்டைக்கு லைசினைச் சற்றுக் கூட்டலாம். காயடிக்காமல் விட்டால் என்ன? வளர்ந்த கிடாவின் இறைச்சியில் ஒரு கவிச்சி ஏறிவிடும். சட்டியில் போட்டதும் தெரியும்.

நம் ஊரின் வெயிலும் ஒரு கணக்கு. பன்றிக்கு நம்மைப் போல வியர்த்துக் கொட்டாது. ஈப்போவின் மதிய வெயிலில் அது தீனியை விட்டுவிட்டுத் தரையோடு படுத்துவிடும். தின்னாத நாள் வளராத நாள். அதனால்தான் இப்போது மூடிய கொட்டகை, ஈரத்திரை, பெரிய விசிறிகள். தீனியை விடியற்காலையிலும் சாயங்காலத்திலும் போடுவது சித்தப்பாவின் பழைய வைத்தியம்.

கொழுப்பு காட்டிக்கொடுக்கும்

அம்மாவின் விரலுக்கு வருவோம். ஆடு, மாட்டுக்கு வயிற்றில் நொதிக்கும் அறை இருக்கிறது. தின்னும் கொழுப்பு அங்கேயே பெரும்பாலும் மாறிவிடும். பன்றிக்கு நம்மைப் போல ஒரே இரைப்பை. தீனியில் உள்ள எண்ணெய் ஏறக்குறைய அப்படியே உடம்பில் போய்ச் சேரும். தவிட்டையும் சோள எண்ணெயையும் அளவுக்கு மீறிப் போட்டால் கொழுப்பு இளகிவிடும். வெட்டினால் கத்தியோடு வழுக்கும். மீன் தூளைக் கடைசி வாரங்களில் நிறுத்தாவிட்டால் கறியில் மீன் வாடை வரும்.

நம் செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கு இதில் ஒரு சுவாரசியம். எண்ணெய் பிழிந்தபின் மிஞ்சுவது. உள்ளூரில் கிடைக்கும், மலிவு. அதன் கொழுப்பு கெட்டியான வகை. பன்றியின் கொழுப்பை இளக விடாது. ஆனால் நார் அதிகம், லைசின் குறைவு. "கொஞ்சம் போட்டா மருந்து, நிறையப் போட்டா வயித்தை மட்டும் நெறைக்கும்" என்பது சித்தப்பாவின் தீர்ப்பு.

கொழுப்பே வேண்டாம் என்று ஓடுவதிலும் ஒரு தொல்லை உண்டு. சதைக்குள் இழை இழையாக ஓடும் கொழுப்பு இரண்டு, மூன்று விழுக்காடாவது இருந்தால்தான் கறி மெதுவாக இருக்கும். அது அறவே இல்லாத கறியை எவ்வளவு மசாலா போட்டு வறுத்தாலும் சக்கைதான். டியூராக் கிடாவைச் சேர்ப்பதற்கு ஒரு காரணம் அது.

கடைசி நாள்கூடக் கணக்கில் உண்டு. லாரி ஏற்றுவதற்கு முன் தீனியை நிறுத்தி, தண்ணீரை மட்டும் வைப்பார்கள். அடித்து, விரட்டி, வெயிலில் நெருக்கி ஏற்றினால், பயத்தில் சதைக்குள் அமிலம் ஏறும். கறி வெளிறி, தண்ணீர் விட்டு, தொளதொளவென்று ஆகிவிடும். ஆறு மாதம் பார்த்துப் பார்த்து வளர்த்தது அரை மணி நேரத்தில் கெடும். "ஏத்தும்போது கை ஓங்கறவனை நான் பக்கத்துல விட மாட்டேன்" என்றார். அந்தக் குரலில் வியாபாரம் மட்டும் இருக்கவில்லை.

குறுக்கு வழி

மெலிந்த சதைக்கு ஆசை வந்ததும் குறுக்கு வழியும் வந்தது. கிளென்பியூட்டரால், சல்பியூட்டமால் போன்றவை மூச்சிரைப்புக்கான மருந்து வகையைச் சேர்ந்தவை. தீனியில் கலந்தால் கொழுப்பு கரைந்து சதை திரளும். ஆனால் மிச்சம் ஈரலிலும் நுரையீரலிலும் தங்கும். 1990-இல் ஸ்பெயினில் இப்படி வளர்த்த மாட்டின் ஈரலைத் தின்றவர்களுக்கு நெஞ்சு படபடத்தது, கை நடுங்கியது. 1998-இல் ஹாங்காங்கில் பன்றி நுரையீரல் சாப்பிட்டவர்களுக்கும் அதே கதி. 2011-இல் சீனாவின் ஹெனான் மாநிலத்தில் இந்தத் தூள் பெரிய ஊழலாக வெடித்தது. மலேசியாவிலும் இவை உணவுக்கு வளர்க்கும் விலங்குகளுக்குத் தடை செய்யப்பட்டவை.

ராக்டோபமைன் என்ற உறவுக்கார மருந்து இன்னும் சர்ச்சையில் இருக்கிறது. அமெரிக்கா அனுமதிக்கிறது, ஐரோப்பிய ஒன்றியமும் சீனாவும் தடுக்கின்றன. 2012-இல் உலக உணவுத் தர அமைப்பான கோடெக்ஸில் அதற்கு ஒரு வரம்பு வைப்பதா என்று வாக்கெடுப்பு நடந்தது. 69-க்கு 67. இரண்டே வாக்கில் நிறைவேறியது.

"அந்தத் தூள் யாராச்சும் கொடுத்தாங்களா சித்தப்பா?"

"கொடுக்க வந்தான் ஒருத்தன். எந்த ஊரு, என்ன பேருன்னு கேட்காத" என்றார். "பையில பேரு எழுதாத எதையும் நான் தொட்டியில கொட்டினதில்ல. அவ்வளவுதான்." தம்பி அதுவரை போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதைக் கீழே வைத்தான்.

தொட்டியில் விழுந்த மாம்பழம்

சித்தியின் "வேணாம்"-க்கு மருந்துத் தூள் காரணமில்லை. அது 1999.

1998 செப்டம்பர் வாக்கில், ஈப்போவுக்குப் பக்கத்தில் தம்புன், உலு பியா, அம்பாங் பகுதிப் பண்ணைகளில் பன்றிகள் இருமத் தொடங்கின. நாய் குரைப்பது போன்ற இருமல். பிறகு ஆட்களுக்குக் காய்ச்சல், தலைவலி, மயக்கம், நினைவிழப்பு. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முதலில் முடிவு செய்தார்கள். கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஊசி போட்டவர்களும் விழுந்தார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் பிள்ளைகளைத் தாக்குவது. இங்கே விழுந்தவர்களோ பன்றியைத் தொட்டு வேலை செய்த பெரியவர்கள்.

விற்கப்பட்ட பன்றிகளோடு நோய் நெகிரி செம்பிலானின் புக்கிட் பெலாண்டோக்குக்குப் போனது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா காவ் பிங் புதிய கிருமி ஒன்றைப் பிரித்தெடுத்தார். அந்த நோயாளியின் ஊர் சுங்கை நிப்பா. கிருமிக்கும் அந்தப் பெயரே நிலைத்தது. அதே மார்ச்சில் சிங்கப்பூரில் மலேசியப் பன்றிகளைக் கையாண்ட வெட்டுக்கூடத் தொழிலாளர்கள் 11 பேர் பாதிக்கப்பட்டு, ஒருவர் இறந்தார். மலேசியாவில் 265 பேர் பாதிக்கப்பட்டனர். 105 பேர் இறந்தனர். சீனர்களே அதிகம், நம்மவர்களும் இருந்தார்கள். ராணுவம் வந்தது. ஏறக்குறைய 11 லட்சம் பன்றிகள் அழிக்கப்பட்டன.

பிற்பாடு ஆராய்ந்தவர்கள் கண்டது இது: தம்புன் பக்கத்துப் பண்ணையில் கொட்டடிகளை ஒட்டி மாமரங்கள். இரவில் பழந்தின்னி வௌவால்கள் வந்து மாம்பழத்தைக் கடித்துப் போடும். எச்சில் பட்ட அந்தப் பழம் கொட்டடியில் விழும். பன்றி தின்னும். எவ்வளவு கணக்குப் பார்த்துக் கலந்த தீனியாக இருந்தாலும், கணக்கில் வராத ஒரு துண்டு மேலேயிருந்து விழுந்துவிட்டது.

அந்த மாதங்களில் சித்தப்பா ஈப்போவுக்கு வெளியே ஒரு பண்ணையில் இருந்தார். அவரோடு ஒரே கொட்டகையில் வேலை செய்த கூட்டாளி ஒருவர், ஒரே தோட்டத்தில் வளர்ந்தவர், திங்கட்கிழமை தலைவலி என்று படுத்தார். அடுத்த வாரம் இல்லை. சித்தி அப்போது தம்பியின் அக்காவை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தார். நாற்பது நாள் சித்தப்பாவை வீட்டின் பின்கட்டில் தனியாகப் படுக்க வைத்தார்களாம். தெருவில் தண்ணீர் கேட்டால்கூடத் தூர வைத்துவிட்டுப் போனார்கள்.

கூட்டாளியின் மனைவிக்கு இன்னொரு அடி காத்திருந்தது. அவருக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. கையில் வாங்கிய கூலி. எந்தச் சந்தாவும் கட்டப்படவில்லை. அவர் அந்தப் பண்ணையில்தான் வேலை செய்தார் என்று நிரூபிக்கவே அந்தப் பெண் எத்தனையோ படிகள் ஏறி இறங்கினார்.

இதைச் சொல்லும்போது சித்தி உள்ளேயிருந்து வந்து கதவோரம் நின்றார். "இப்பச் சொல்லு. நான் வேணாம்னா தப்பா?" என்று என்னைக் கேட்டார். மைக் முன்னால் எனக்கு இப்படி வாயடைத்ததில்லை.

ஐந்து கேள்விகள்

அந்த மௌனத்தை உடைத்தது தம்பிதான். "அம்மா, அன்னைக்குச் செத்தது தீனி போட்டதால இல்ல. என்ன நடக்குதுன்னு யாருக்கும் தெரியாததால. நான் படிச்சதே அதைத்தான்" என்றான்.

அவன் சொன்னதில் உண்மை உண்டு. 1999-க்குப் பிறகு மலேசியாவில் மனிதர்களுக்கு நிப்பா வந்ததாகப் பதிவில்லை. ஆனால் கிருமி எங்கும் போய்விடவில்லை. வங்காளதேசத்தில் 2001 முதல் பலமுறை வந்தது. 2018-இல் கேரளாவின் கோழிக்கோட்டில் வந்ததை நாமே செய்தியில் கேட்டோம். பன்றிகளுக்கும் வேறொரு பகை வந்திருக்கிறது: ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல். 2021-இல் சபாவில் உறுதியானது. அது மனிதர்களைத் தொற்றாது. ஆனால் ஒரு பண்ணையைச் சில நாளில் காலி செய்யும். சமைக்காத இறைச்சி மிச்சத்தில் அந்தக் கிருமி உயிரோடு இருக்கும். தாத்தா காலத்து எச்சில் தொட்டி இன்று ஆபத்தானது என்பது அதனால்தான். 2001-இல் இங்கிலாந்தை உலுக்கிய கோமாரி நோயும் எச்சில் தீனி போட்ட ஒரு பன்றிப் பண்ணையிலிருந்துதான் பரவியது.

சித்தப்பா ஒரு தாளை எடுத்தார். மகனிடம் கொடுக்காமல் சித்தியிடம் நீட்டி, "நீயே கேளு. பதில் சரியா வரலைன்னா அவன் போக வேணாம்" என்றார். அதில் ஐந்து கேள்விகள்.

கொட்டகையைச் சுற்றிப் பழமரம் இருக்கிறதா, வலை அடித்திருக்கிறார்களா? வெளி எச்சில் தீனி உள்ளே வருகிறதா? உள்ளே நுழையும்போதும் வெளியேறும்போதும் குளித்து, உடையும் பூட்ஸும் மாற்ற இடம் உண்டா? ஒரே நேரத்தில் பல பன்றிகள் இருமினால் கால்நடை மருத்துவரைக் கூப்பிடும் அதிகாரம் யாருக்கு, வேலைக்காரன் கூப்பிடலாமா? சம்பளச் சீட்டு, இ.பி.எப்., சொக்சோ முதல் மாதத்திலிருந்தே உண்டா?

ஐந்தாவது கேள்வியை அவர் இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தார். பண்ணை மட்டுமில்லை, எந்த வேலைக்குப் போகும் நம் பிள்ளைக்கும் அந்தக் கோடு பொருந்தும்.

அடுத்த வாரம் சித்தியும் தம்பியும் பண்ணைக்குப் போனார்கள். அலுவலக வாசலிலேயே சித்தி தாளைப் பிரித்துவிட்டாராம். மேலாளர் முதலில் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாகப் பதில் சொன்னார். நான்குக்குத் திருப்தி. நான்காவது கேள்விக்கு மட்டும், "இதுவரை யாரும் கேட்டதில்லை. எழுத்தில் வைக்கிறோம்" என்றார். இரண்டு நாளில் எழுத்தில் வந்தது. கடிதத்தைச் சித்தி சாமி மேடைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

தம்பி வேலைக்குச் சேர்ந்துவிட்டான். போன ஞாயிறு முதல் விடுமுறையில் வீட்டுக்கு வந்தான். சித்தி வாசலிலேயே வாளியும் சோப்பும் வைத்திருந்தார். "அங்கேயே குளிச்சுட்டேன்மா" என்றான். "இங்கயும் குளி" என்றார். குளித்தான்.

மதியச் சாப்பாட்டுக்கு அம்மா வறுவல் வைத்திருந்தார். சித்தப்பா ஒரு துண்டை எடுத்துக் கடித்து, மகனைப் பார்த்து, "சொல்லு, கடைசி மாசம் என்ன தின்னுச்சு?" என்றார். அவன் மென்றுகொண்டே யோசித்தான். பக்கத்து வீட்டு அத்தை எட்டிப் பார்த்து, "தம்பிக்கு எங்க வேலை?" என்று கேட்டார்.

அப்பா வாயைத் திறப்பதற்கு முன் சித்தி சொன்னார்: "பன்றிப் பண்ணையில. தீனிக் கணக்கு அவன்தான் பாக்கறான்."